அக்காவின் நெஞ்சுப் படம்

மார்ச் 4, திங்கள்

மழை. நான் படம் எடுக்கும் எக்ஸ்ரே அறை வாசலில் கூட்டம். வரிசையில் மெலெனைதே அக்காவும் இருந்தாள். கதவைத் திறந்தது நான் என்று கண்டதும் உடைமேல் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பாயைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள். நெஞ்சைப் படம் எடுக்க மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். தம்பி முன்னாலா? எங்கள் தீவில் அக்கா தம்பிக்குள் அப்படியொரு விலக்கு; வயது வந்த நாளிலிருந்து நாங்கள் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்ததுகூடக் கிடையாது. அவள் போனது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

தேவாலயப் பாட்டுக் குழுவில் அக்காவின் வாய் மட்டும் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உடம்பைப் பற்றி நான் அவளிடம் கேட்க முடியாது. அவள் கணவர் பீனாவ் அத்தானைக் கேட்டேன். "சளிதான்டா. உங்கக்கா சொல்றா, நான் என்னத்தக் கண்டேன்?"

மார்ச் 19

முகம் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் வண்டியில் உட்கார்ந்தபடியே அக்கா வந்து சேர்ந்தாள். என்னோடு வேலை செய்யும் லோசேலி படம் எடுத்தாள். நான் வெளியே நின்றேன்.

லோசேலி! அக்கா எழுந்து போன அன்றைக்கும் அடுத்த அறையில்தானே இருந்தாள் - ஒரு குரல் கொடுத்திருந்தால்? என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டா கூப்பிடல?

படத்தில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே முஷ்டியைவிடப் பெரிய வெள்ளைத் திட்டு.

ஏப்ரல் 3

ஊசி போட்டு எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் மாஃபி சொன்னார்: "நிணநீர்ப் புற்றுநோய். அதுலயும் அபூர்வமான வகை. வேகமா வளரும், ஆனா மருந்துக்கு அடங்கும். கடல் தாண்டி ஆக்லாந்து போகணும்."

அத்தான் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் நான். நானே துணை.

ஏப்ரல் 17, ஆக்லாந்து

இரவும் பகலும் மருந்து சொட்டுகிறது. நான் கட்டிலைச் சுற்றிய திரைக்கு வெளியே நாற்காலியில். இங்குள்ள டாக்டர் கேட்பதைத் திரைக்குள் மொழிபெயர்த்துச் சொல்கிறேன். "முன்னாடியே போய்க் காட்டலையா?" என்று கேட்டார்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "உங்கிட்ட வந்தேன்னு சொல்லாத. மழை, போகலன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

மே 2

முடி கொட்டுகிறது. சேப்பங்கிழங்கு கேட்டாள், அலைந்து வாங்கி வந்தேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டாளாம். இதைத் தவிர என்னால் என்ன ஆகிறது?

செப்டம்பர் 20

மருந்தெல்லாம் முடிந்து இன்று ஸ்கேன். கட்டி சுருங்கியிருக்கிறது, ஆனால் மறையவில்லை. மிச்சம் வெறும் தழும்பா நோயா என்று இப்போது சொல்ல முடியாதாம். பொறுத்திருந்து மறுபடி எடுக்க வேண்டுமாம்.

இதை யாரை விட்டுச் சொல்லச் சொல்வது என்று திரைக்கு வெளியே விழித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, படத்த நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு இருக்கு?"

திரைக்குள் கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினேன்.

"செத்ததா? உசுரோட இருக்கா?"

"தெரியலக்கா. யாருக்கும் தெரியல."

பிறகு திரை விலகியது. காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டிருந்தாள்.

"எவ்வளவு நாள்தான் வெளியவே நிப்ப? வந்து உக்காரு."

உட்கார்ந்தேன்.