ஆளில்லாத வீட்டிலிருந்து வந்த டப்பி

அனுப்புநர்:
மு. அழகர்,
தையற்கடை, கடைவீதி, பசறை.

பெறுநர்:
கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையின் பெரிய வைத்தியதுரை அவர்கள்,
பதுளை.

பொருள்: மடுல்சீமை கருங்கல் தோட்டத்து மேல்லயத்தில் புழுவே இல்லையென்று அறிவிக்கப்பட்டதில் எழும் பலத்த சந்தேகமும், மறுசோதனை வேண்டுதலும்.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

ஊவா மாகாணத்தில் கோட்டுப் போட்ட எவருடைய இடுப்பளவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய தையற்காரன் அழகர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

1. சென்ற மார்கழியில் தங்கள் ஆட்கள் மேற்படி தோட்டத்துக்கு வந்தார்கள். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியாகப் புழு ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கிறதென்று திரை கட்டிப் படம் காட்டினார்கள். படத்துப் புழு பசறைப் பாலத்தைவிட நீளம் என்று கேள்வி. பிறகு ஆளுக்கொரு தகர டப்பியில் பேர் ஒட்டி, மறுநாள் காலை அவரவர் மலத்தில் சிறிது வைத்துத் தரச் சொன்னார்கள். மேல்லயத்து டப்பிகளைக் கொடுக்கவும் வாங்கவும் நல்லையா கங்காணியை நியமித்தார்கள். தங்கள் ஏற்பாட்டில் எனக்குத் தெரிந்த ஓட்டை இது ஒன்றுதான். ஆனால் அதில் யானை குட்டியோடு நுழையலாம்.

2. சில நாள் கழித்துக் காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கையில் முடிவு சொன்னார்கள். கீழ்லயத்தில் அநேகமாக எல்லாருக்கும் புழு. மேல்லயத்தில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு லயத்து வரிசை வீட்டாரும் ஒரே மலையில் கொழுந்தெடுக்கிறார்கள், ஒரே பீலித் தண்ணீர் குடிக்கிறார்கள். புழுக்களுக்கு மேடேற மூச்சு வாங்கியதோ என்னவோ, அறியேன். தோட்டத்துரை மகிழ்ந்து கங்காணிக்குக் கைகொடுத்தாராம்.

3. என் தங்கை மகள் பெரியாயி அந்த மேல்லயத்தில் இருக்கிறாள். அவள் டப்பியும் சுத்தமென்றே சொல்லப்பட்டது. ஐயா, டப்பி கொடுத்த அன்றும் வாங்கிய அன்றும் பெரியாயி பசறையில் என் வீட்டில் இருந்தாள். என் பேரனுக்குக் காதுகுத்து. கடைவீதி முழுக்கச் சாட்சி. அவள் காம்பிரா அறை பூட்டியிருந்தது. சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. வயிற்றைப் பசறையில் வைத்துக்கொண்டு மடுல்சீமையில் டப்பி நிரப்பும் சித்து எங்கள் வம்சத்தில் யாருக்கும் கைகூடியதில்லை.

4. சென்ற ஞாயிறு நானே அந்த லயத்துக்குப் போய் விசாரித்தேன். அடுத்த காம்பிரா இராக்கம்மா இருபுறமும் பார்த்துவிட்டுச் சொன்னது: "நம்மது வெள்ளக்காரன் கைக்குப் போனா செய்வினை வச்சிருவான், வயித்துல புள்ள தங்காதுன்னு கங்காணி சொன்னாருங்க. நீங்க சும்மா டப்பியக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்னாரு." எல்லாரும் வெறும் டப்பியைக் கும்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நிரப்பியது யார்? அந்த லயத்தில் சப்பாத்து ஏறிய கால் கங்காணியுடையது மட்டுமே. குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்கிறார்கள். அந்தக் காலில் புழு எங்கே ஏறும்? அவர் ஒருவருடைய வயிற்றுச் சுகமே லயம் முழுவதன் பேரிலும் பதுளைக்கு வந்ததென்று சந்தேகிக்கிறேன். அத்தனை டப்பியையும் ஒரே காலையில் ஒரே ஆள் நிரப்பியது உண்மையானால், சர்க்கார் அவருக்கு ஒரு பதக்கமும் தரலாம்.

5. காரணமும் தெரியாததல்ல. புழு கண்டவருக்குத் தரும் புழு எண்ணெயும் பேதியுப்பும் குடித்தவர் அன்று எழுந்து நடமாட முடியாது. பெரட்டில் நிற்கும் தலைக்கு இவ்வளவென்று கங்காணிக்கு வரும்படி. லயம் படுத்தால் வரும்படியும் படுக்கும். இன்னொன்று: தங்கள் உத்தரவின்படி கட்டிய புதிய கக்கூஸில் கங்காணியின் கோழிகள் குடியிருக்கின்றன. மனிதர்கள் பழையபடி தேயிலைக்குள் போகிறார்கள். கோழிகள் மிக்க சுகம்.

6. இதுவரை எழுதியதில் விளையாட்டுத் தொனி இருந்தால் பொறுத்தருள வேண்டும். பயம் வந்தால் என் கை அப்படித்தான் எழுதும். காதுகுத்துக்கு வந்த பெரியாயி பந்தியில் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கொல்லைச் சுவரில் மண்ணைப் பெயர்த்துத் தின்றதை நான் பார்த்தேன். போன வருஷத்து அளவில் தைத்து வைத்த ரவிக்கை அவள் தோளில் நிற்கவில்லை. கால் மட்டும் வீங்கியிருக்கிறது. இமையைத் தாழ்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அவள் தாய், என் தங்கை, இதேபோல மண் தின்று, இதே வீக்கத்தோடு போனாள். அன்று பேய் என்றோம், வேறொன்றும் தெரியாது. இன்று மருந்து அதே தோட்டத்தில் இருக்கிறது. கேட்டதற்குத் தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார்: "சுத்தம்னு வந்த பேருக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க."

ஆகையால், தாங்கள் முன்னறிவிப்பின்றி ஒரு காலையில் மேல்லயத்துக்கு எழுந்தருளி, டப்பியைக் கைக்குக் கை கொடுத்துக் கைக்குக் கை வாங்க வேண்டும். கோழிகளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லவும் வேண்டும்.

அதுவரை பெரியாயி தாங்கமாட்டாளோ என்று அஞ்சுகிறேன். பத்தடிக்கு ஒருதரம் உட்காருகிறவளைப் பதுளைக்கு அழைத்துவரக் கங்காணி விடுப்பும் தரவில்லை. எனவே இம்மனுவுடன் வண்டிக்காரர் புஹாரி மூலம் என் பித்தான் டப்பி ஒன்றை அனுப்புகிறேன். தையல் நூலால் நானே கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருக்கிறேன். பெரியாயி தேயிலைக்குள் போனபோது பாதையில் முதுகைத் திருப்பி நின்று காவல் காத்ததும் நானே. இதில் வேறெவர் கையும் படவில்லை.

இதிலும் புழு இல்லையென்று தாங்கள் சொன்னால், கடைவீதியில் வைத்து நல்லையா கங்காணியின் சப்பாத்தைத் துடைத்து மன்னிப்புக் கேட்பேன். இருந்தால், மருந்தைப் புஹாரி கையில் கொடுத்தனுப்புங்கள். எத்தனை நாளானாலும் வண்டி பதுளையிலேயே நிற்கும், கூலி பேசியாயிற்று. கங்காணி வழியாக மட்டும் வேண்டாம், ஐயா.

பசறை,
1919 மாசி 4.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மு. அழகர்
(பெரியாயியின் தாய்மாமன்)

இணைப்பு: டப்பி ஒன்று. சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறக்க வேண்டாம்.