பச்சை மட்டும் காட்டும் திரை

பதிவு 1. முதல் நாள், காலை 08:10
நிலவின் தென்துருவக் குடியிருப்பு, கூடம் நான்கு, ஸ்டால் 22

ஸ்டால் நிறுத்தியாகிவிட்டது. பேனர் ஒன்று, திரை இரண்டு, டி-ஷர்ட் எண்ணூறு, ஆள் ஒருத்தி. எழுதுவது இசக்கியம்மாள். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதுகிறேன். விற்பனைப் பிரிவிலிருந்து வர வேண்டிய இரண்டு பேருக்கும் பயண மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் எகிறிவிட்டது. எனக்குச் சரியாக இருந்தது. நான் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அவ்வப்போது ஒரு பதிவு வேண்டும் என்பது முதலாளி சென்னியப்பனின் உத்தரவு. எத்தனை பேர் வந்தார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

நாங்கள் விற்பது, மூடிய கூடங்களின் காற்றைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். கரியமிலவாயு கூடினால் விசிறிகளை முடுக்கும். குறைந்தால் மெதுவாக்கி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். வேலை அவ்வளவுதான்.

பதிவு 2. முதல் நாள், 11:40

வந்தவர்கள் 64. டி-ஷர்ட் கேட்டவர்கள் 61. மென்பொருளைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு பேர். மீதி ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்டார்.

உலகத்தின் தலைசிறந்த மென்பொருளாளர்களாம். மூன்று நாள் ராக்கெட்டில் வந்து இறங்கி, பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் மாதிரி ஓசி டி-ஷர்ட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எக்ஸ்எல் வாங்கிப் போய், மனைவிக்கு எம் வேண்டும் என்று திரும்பி வந்தார். மனைவி பூமியில் இருக்கிறாராம். கொடுத்துத் தொலைத்தேன்.

கூடம் சிறியது. தீப்பெட்டிக்குள் இருபத்துநான்கு ஸ்டால், நானூறு தலை. எதிர் ஸ்டாலில் குணாளன், மலேசியாவின் கிள்ளான்காரர். தண்ணீரைச் சுத்திகரிக்கும் மென்பொருள் விற்கிறார். அவரும் தனி ஆள். ஸ்டால் ரேடியோவில் என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார்.

> ஸ்டால் 23: "இசக்கி, மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வை லா. ஒன்னப் பாத்து என் கஸ்டமரும் ஓடுறான்."

பதில் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பதிவில் சேர்க்க முடியாததாக இருந்திருக்கும்.

என் திரையில் கரியமிலவாயு 0.08 சதவீதம், பச்சை. அது பொய். எங்கள் அலுவலகத்தில் டெமோ என்றால் ஒரு தனிக் கோப்பு உண்டு. உணர்விகள் என்ன சொன்னாலும் மென்பொருள் 0.08 என்றே எடுத்துக்கொள்ளும். சிவப்பைப் பார்த்தால் வாங்க வந்தவன் ஓடிவிடுவான் என்று சென்னியப்பன் சொன்னதால் நான்தான் அதை எழுதினேன். கண்காட்சிப் படம்தானே. கூடத்தின் உண்மையான காற்றைக் குடியிருப்பின் பழைய அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

பதிவு 3. முதல் நாள், 17:05

வந்தவர்கள் 212. கால் வலிக்கிறது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான், ஆனாலும் வலிக்கிறது.

> கோவை: "அம்மிணி, நல்ல சேதி. கூடத்துக்காரங்ககிட்டப் பேசிப்போட்டேன். நாளைக்குக் காத்தால ஒம்பது மணிக்கு அந்தக் கூடத்துக் காத்தையே நம்ம சாப்ட்வேருகிட்ட ஒப்படைக்கறாங்க. ஒரு நாள் ஓடிக் காட்டுனா நாலு மணிக்குக் கையெழுத்து. அத்தனை கூடமும் நமக்குத்தான்."
>
> ஸ்டால் 22: "சார், இதுல டெமோ கோப்பு கெடக்கு. அத எடுக்காம ஒப்படைக்கக் கூடாது. பூட்டு எல்லாம் உங்க பக்கம்லா இருக்கு, நான் இங்கேருந்து தொட முடியாது."
>
> கோவை: "அதெல்லாம் பசங்க எடுத்துப்போட்டாங்க. நீ ஸ்டாலப் பாரு."

போன மாதம் யாரோ ஒருவன் டெமோவைக் கெடுத்தான் என்று சென்னியப்பன் எல்லாப் பூட்டுகளையும் கோவைக்கே மாற்றிவிட்டார். எழுதியவளுக்கே சாவி இல்லை. கோபத்தில் அத்துடன் விட்டுவிட்டேன்.

பதிவு 4. இரண்டாம் நாள், 09:02

ஒப்படைத்துவிட்டார்கள். பழைய அமைப்பு ஒதுங்கிக்கொண்டது. கூடத்தின் எல்லாப் பலகைகளிலும் இப்போது எங்கள் பெயரும் எங்கள் எண்ணும். 0.08. விசிறிச் சத்தம் குறைந்துவிட்டது. கூடப் பொறுப்பாளர் ஹால்வர்சன் வந்து என் கையைக் குலுக்கி, இவ்வளவு அமைதியான கூடத்தைத் தான் கண்டதில்லை என்றார்.

வாசல் திறந்து அரை மணி நேரமாகிறது. வந்தவர்கள் 40.

பதிவு 5. இரண்டாம் நாள், 12:15

வந்தவர்கள் 171. இன்றைய கூட்டம் நேற்றையதைவிட மோசம். எல்லோருக்கும் எரிச்சல். ஸ்டால் 9இல் இரண்டு பேர் நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். ஒருவன் என்னிடம் டி-ஷர்ட்டின் துணி சரியில்லை என்று இரைந்தான். ஓசியில் வாங்கியவனுக்குப் பேச்சைப் பார். நானும் இரைந்தேன். பிறகு இரண்டு பேரும் மாடிப்படி ஏறியவர்கள் போல மூச்சு வாங்கினோம்.

காலையிலிருந்து தலை வலிக்கிறது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

மின்சாரம் நாற்பது சதவீதம் மிச்சம் என்று பலகையில் ஓடுகிறது. கைதட்டுகிறார்கள்.

பதிவு 6. இரண்டாம் நாள், 14:06

0.08.

சாப்பாட்டுக்கு முன்னால் 0.08. சாப்பாடு முடிந்து நானூறு பேரும் முண்டியடித்து உள்ளே வந்த பிறகும் 0.08. உண்மையான எண் என்றால் ஒரு தடவையாவது அசையும். இது அசையவில்லை. அதை என் கையால் தட்டச்சு செய்தவள் நான், பார்த்துக்கொண்டே ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறேன்.

விண்ணுடையின் கழுத்தில் மாட்டும் சின்னக் கரியமிலவாயு அளவுமானி என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 4.1.

பையன்கள் கோப்பை எடுக்கவில்லை. காற்று நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மென்பொருள் விசிறிகளைத் தூங்கவைத்திருக்கிறது.

பதிவு 7. இரண்டாம் நாள், 14:19

> ஸ்டால் 22: "சார், கோப்பு அப்படியே கெடக்கு. இங்க நாலு சதவீதம் தாண்டிட்டு. கவனமாக் கேளுங்க. கோப்ப அழிக்காதீங்க. அதுல இருக்க எண்ண மட்டும் ஒரு சதவீதம்னு மாத்தச் சொல்லுங்க. மாத்துனா விசிறி ஓடும். அழிச்சா தீ விதி பாஞ்சிரும். உள்ள நானூறு பேரு இருக்காங்க."
>
> கோவை: "நாலு மணிக்குக் கையெழுத்துங் அம்மிணி. இப்பப் போயி எதையாச்சும் தொட்டுத் திரையில செவப்பு வந்துச்சுன்னா? ஒண்ணர மணி நேரந்தான. பொறு."
>
> ஸ்டால் 22: "ஆளு சாவும்னு சொல்லுதேன்."
>
> கோவை: "நீ களச்சுப்போயிருக்க. தண்ணி குடி."

தீ விதி என்னவென்று இதைப் படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். இனிமேல் இது சென்னியப்பனுக்கான பதிவு இல்லை. கரியமிலவாயு நான்கு சதவீதத்தைத் தாண்டினால், மென்பொருள் அதைத் தீ என்று எடுத்துக்கொள்ளும். கதவுகளை மூடும். பத்து நிமிடம் கழித்து, தீயை அணைக்கக் கூடத்தின் காற்றை வெளியே திறந்துவிடும். வெளியே என்றால் நிலவு. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். இப்போது அது பாயாமல் நிற்பது, 0.08 என்ற பொய்யால்.

பதிவு 8. இரண்டாம் நாள், 14:41

> கூட நிர்வாகம், ஹால்வர்சன்: "உங்கள் பலகையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, அம்மா. விண்ணுடை அளவுமானிகளைக் கூடத்துக்குள் நம்ப முடியாது. விளம்பரத்துக்காகப் பீதி கிளப்பினால் ஸ்டாலை மூட வேண்டியிருக்கும்."

பலகை பொய் என்று அதை எழுதியவளே சொல்கிறேன். பலகையைக் காட்டி என்னை மறுக்கிறார். மேடை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை கத்தினேன். சிலர் சிரித்தார்கள். ஒருவன் படம் எடுத்தான். நான்கு சதவீதத்தில் மூளை மந்தமாகும் என்று படித்திருக்கிறேன். இவர்கள் விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அளவுமானி 4.6.

பதிவு 9. இரண்டாம் நாள், 15:12

சாவு என்றால் நகரமாட்டார்கள். சரி.

மிச்சமிருந்த டி-ஷர்ட்டுகளை மூட்டையாகக் கட்டி, கதவுக்கு வெளியே நடைகூடத்தில் கொட்டினேன். திரும்பி வந்து ஒலிபெருக்கியில் சொன்னேன்: நடைகூடத்தில் இலவச டி-ஷர்ட், முதலில் வருபவர்களுக்குக் கைக்கடிகாரம்.

கைக்கடிகாரம் எதுவும் கிடையாது. பதினோரு நிமிடத்தில் கூடம் காலியானது. மயங்கிக் கிடந்த இரண்டு பேரைக்கூட, வழியில் கிடக்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஹால்வர்சனும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பின்னாலேயே போனார். வாழ்நாளில் நான் செய்த ஒரே விற்பனை இதுதான்.

எண்ணிப் பார்த்தேன். உள்ளே இன்னும் இருபத்துமூன்று பேர். அத்தனை பேரும் என்னைப் போன்றவர்கள். ஸ்டாலுக்கு ஒருவர், ஸ்டாலை விட்டு நகராதவர்கள். இலவசம் எங்களுக்குக் கிடையாது, நாங்கள்தானே கொடுப்பவர்கள். இதை யோசிக்காமல் போய்விட்டேன்.

> ஸ்டால் 23: "இசக்கி, நீ சொல்றத நம்புறேன். தல வெடிக்குது. ஆனா ஸ்டால விட்டு நகர்ந்தா வேல போயிடும். மேனேஜர் கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கான். நாலு மணிக்குப் போகலாம்னு சொல்லியிருக்கான்."

பதிவு 10. இரண்டாம் நாள், 15:48

கதவுக்கு வெளியே போயிருந்தேன். அங்கே காற்று நன்றாக இருந்தது. ஐந்து மூச்சு இழுத்தேன். அங்கேயே நின்றிருக்கலாம். நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. உள்ளே இருப்பவர்கள் எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை, அந்தக் கிள்ளான்காரர் இரண்டு நாளாக உயிரை வாங்கியவர். ஆனால் அந்தக் கோப்பை எழுதியது அவர்கள் இல்லை.

திரும்பி வந்து ஒவ்வொரு ஸ்டாலாகப் போய்க் கேமராவைக் கழற்றினேன். திட்டினார்கள். ஸ்டால் 9காரர் என்னைத் தள்ளிவிட்டார். கேமரா போனதும் ஐந்து பேர் ஓடினார்கள். குணாளன் தன் கேமராவைத் தானே கழற்றிவிட்டு, மற்றவர்களை எழுப்ப என்னோடு வந்தார். அவருக்கு நடை தள்ளாடுகிறது. எனக்கும்.

இன்னும் பதினெட்டு பேர், குணாளனைச் சேர்த்து. சிலர் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார்கள்.

பதிவு 11. இரண்டாம் நாள், 16:03

> கோவை: "அம்மிணி, கையெழுத்து ஆயிருச்சு. அந்தக் கோப்பப் பசங்க சுத்தமா அழிச்சுப்போட்டாங்க, ஒரு தடயமில்ல. இனி யாரு வந்து தோண்டுனாலும் நம்ம மேல ஒண்ணுஞ் சொல்ல முடியாது. நீ பயப்படாத. பேனரு மட்டும் கசங்காம மடிச்சுக் கொண்டாந்துரு."

எண்ணை மாற்றச் சொன்னேன். அழித்துவிட்டார்.

எல்லாப் பலகையும் சிவப்பு. 4.8. கதவுகள் மூடிவிட்டன. கோவைக்கு அனுப்பியது போகவில்லை. தீ என்றால் தொடர்பையும் துண்டிக்கும், அதுவும் விதிதான்.

பத்து நிமிடம்.

பதிவு 12. 16:08

கதவில் கண்ணாடி இருக்கிறது. வெளியே அத்தனை பேரும் எங்கள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. திருப்பினால் கதவு திறக்கும், எல்லாம் நிற்கும். ஒரு கை போதும்.

கைப்பிடிக்கு மேல் பலகையில் ஓடுவதை இங்கிருந்தே இடவலம் மாறிப் படிக்க முடிகிறது. உள்ளே தீ. கதவைத் திறக்காதீர்கள். விலகி நில்லுங்கள். அந்த வாக்கியம் என்னுடையது. தெளிவாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் திருத்தினேன்.

குணாளன் கண்ணாடியில் அடிக்கிறார். நான் அட்டையில் எழுதிக் காட்டுகிறேன். தீ இல்லை. கைப்பிடி. திருப்புங்கள். ஹால்வர்சன் அட்டையைப் படித்தார். பலகையைப் படித்தார். இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளுகிறார். விலகிவிட்டார்கள். வரிசையாக, ஒழுங்காக.

பதிவு 13. 16:11

குணாளன் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்திருக்கிறார். நான் விடச் சொல்லவில்லை.

விதியைத் திறந்து பார்த்தேன். படிக்க மட்டும் முடிகிறது. அதில் ஒரு கட்டம் காலி. கூடத்துக்குள் மனிதர்கள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும் கட்டம். பிறகு நிரப்பலாம் என்று விட்டது. காலியாக விட்டால், யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

காது அடைக்கிறது. தொடங்கிவிட்டது போல. கடிகாரம் சரியில்லை அல்லது நான் சரியாக

பதினெட்டு பேர். என்னோடு பத்தொன்பது. பெயர்கள் எனக்குத் தெரியாது, ஸ்டால் எண்கள்தான் தெரியும். 3, 5, 6, 9, 11

இதை எடுப்பவர் யாராக இருந்தாலும், அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். ஒரு வரி போதும். உள்ளே ஆள் இருந்தால்