ஆஸ்பத்திரி மேட்டில் வழுக்கிய கார்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் அக்காவும் நலம்தான், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு சளி இருமல் இல்லாமல் இருந்தாயானால் அதுவே எங்களுக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அப்பா பக்கத்து அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போன அன்று கார் வழுக்கியது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியிருப்போம், முன்னால் போன வண்டி நின்றது, அப்பாவும் நிறுத்தினார். மறுபடி கிளப்பினால் என்ஜின் உறுமுகிறதே தவிர கார் நகரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் பின்னால் சறுக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, மருந்துக்கடை வாசலில் நடைபாதைக் கல்லில் இடித்துத்தான் நின்றது. அக்கா வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாவியை மாட்டியவர்தான், அப்புறம் தொடவில்லை. கால் தடுமாறிவிட்டது, இனிமேல் நான் ஓட்டக்கூடாது என்றார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சாவியை வாங்கி உள்ளே வை என்று நீ சொன்னாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவர் கேட்டுவிட்டார். உன்னைக் குறை சொல்லவில்லை, பயத்தில் சொன்னதுதானே. ஆனால் அன்றிலிருந்து மனிதர் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தேன். கிளட்ச் கெட்டிருந்தால் என்ஜின் கத்தும், சக்கரம் இப்படிச் சுற்றாது, அதனால் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். டயரைப் பார்த்தார், தரையைப் பிடிக்கும் மேல்பக்கப் பட்டன் தேயவே இல்லை, காற்றும் சரியாக இருந்தது. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐயாவின் கண், காலையெல்லாம் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார். ஊமை கண்ட கனவுபோல அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்துக்கொண்டு தவித்தேன். அக்காவுக்கு இந்த மாதம் பிரசவம், மாப்பிள்ளை வேலைக்காக வெளியூரில், வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.

எதிர்வீட்டில் புதிதாக டிரைவிங் ஸ்கூல்காரி குடிவந்திருக்கிறாள். பக்கத்தில் யார் உட்கார்ந்து ஓட்டினாலும் பிரேக்கை மிதிப்பதென்னவோ அவள் கால்தான் என்பதால் தெருவே அவளைப் பிரேக்கக்கா என்கிறது. அவளிடம் போய் நின்றேன். மழை பெய்த ஒரு காலையில் அப்பாவை வற்புறுத்திப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, நம் காரை அவளே அந்த மேட்டில் ஏற்றினாள். நான் பின்னால் இருந்தேன். பாதியில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பினாள். அதேபோல் சக்கரம் சுற்றியது, கார் சறுக்கத் தொடங்கியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணா, எனக்கும் வழுக்குது. தினமும் இந்த மேட்லதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன். இது உங்க கால் இல்ல."

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும், நானும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

நேரே டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் நகத்தால் அழுத்திப் பார்த்தார், பலகைபோல இருந்தது. ஓரமெல்லாம் தலைமுடி கனத்தில் வெடிப்பு. டயரில் அச்சிட்டிருந்த வருஷத்தைப் பார்த்தால் நீ கல்லூரியில் படித்தபோது போட்ட டயர்கள். நீ போனபிறகு கார் ஓடியதைவிட வெயிலில் நின்றதுதான் அதிகம். ஓடினால்தானே தேயும்? தேயாமலே ரப்பர் இறுகி, ஈரத்தில் பிடிமானம் இல்லாமல் போயிருக்கிறது. நான்கையும் மாற்றினோம்.

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுபடி மழை வந்தபோது அப்பா தானே ஓட்டினார், மேட்டில் நிறுத்திக் கிளப்பினார், கார் அசையாமல் பிடித்து ஏறியது. உச்சிக்குப் போனதும் ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்மேல் இரண்டு கையும் நடுங்கின. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "வியாதி இல்லம்மா, பயம். கண்ண மூடினா பொண்ணு வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் தெரியுது." இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை, டயரை மாற்றியதுபோல இதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? என் கையை அவர் கைமேல் வைத்தேன், நடுக்கம் நிற்கும்வரை அங்கேயே இருந்தோம். பிறகு அவரே மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே பிரேக்கக்காவிடம் நான் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பிரசவத்துக்குள் தேறமாட்டேன், அதற்கு அப்பாதான் ஓட்டப்போகிறார், ஆபத்துக்குக் கூப்பிட்டால் வருவதாக அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவர் பயப்படும் நாளில் தள்ளி உட்காருங்கள் என்று சொல்ல வீட்டில் ஒருத்தி வேண்டாமா?

நீயும் உன் வண்டி டயரை நகத்தால் அழுத்திப் பார், பட்டனை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூசிப்போவார். டயர் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று மட்டும் கேள், மற்றதை அவர் பேசிக்கொள்வார். நீ நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா