பதிவேட்டில் இருப்பது நம் காத்தான்தானா?

என் ஆசை அக்கா தனலட்சுமிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமெல்லாம் இல்லை, எழுத விஷயம் இல்லை. உரக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன விஷயம் இருக்கும்? இப்போது ஒன்று வந்திருக்கிறது. அதுவும் உன்னால்தான். நீ பாட்டுக்கு ஒரு கடிதத்தை எழுதிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் இங்கே தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாண்டிச்சேரி டாக்சி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். நம்ம நிறம், நம்ம முகவெட்டு, போட்டிருந்தது கவுன். கையில் நாலு வயசுப் பெண் குழந்தை. வாயைத் திறந்தால் பிரெஞ்சு. டாக்சி ஓட்டி வந்த ஏகாம்பரத்துக்கு அந்தப் பாஷை தெரிந்ததால் பிழைத்தேன்.

"சார், இவங்க பேரு மரி காத்தான். ரெயூனியன் தீவுலேர்ந்து வராங்க. உங்க ஊட்டுப் பொண்ணாம்," என்றான்.

யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய காகிதத்தில் உன் கையெழுத்து. அடியில் கடை முகவரி. உன்னைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறாள். நீ இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழுதாள். நீ போன அன்று நான் அழுததைவிட ஜாஸ்தி அழுதாள் என்று நினைக்கிறேன்.

எமர்ஜென்சி வருஷத்தில் நீ காலேஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரி ஆவணக் காப்பகத்துக்கு ஓடி ஓடிப் போனாயே, அப்போது நான் உன்னைக் கிண்டல் செய்தது நினைவிருக்கிறதா? "அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் நம்ம திருவண்ணாமலைக் கோயில புடிச்சிக் கோட்டையாக்கி உக்காந்தான். அந்தக் கதைய எழுதாம, செல்லரிச்ச காகிதத்துல இன்னா தேடற?" என்று கேட்டேன். "பீரங்கி கொண்டாந்தவன் கதைய எல்லாரும் எழுதிட்டாங்கடா. பாண்டிச்சேரியிலயும் காரைக்கால்லயும் கப்பல் ஏத்தி, ரெயூனியன் தீவுக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்புனானே, அந்த ஆளுங்க பேரு ஒண்ணொண்ணா எனக்கு வேணும்," என்றாய்.

நம் கொள்ளுத்தாத்தாவின் தம்பி காத்தான், தாது வருஷப் பஞ்சத்தில் வேலை தேடிப் போனவன் திரும்பவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் நீ பாண்டிச்சேரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "முருகேசா, கப்பல் பதிவேட்டுல ஒரு காத்தான் இருக்கான்." அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

அந்தத் தீவில் காத்தான் என்பதே குடும்பப் பெயராகி, அப்பன் வழியே இந்த மரி வரைக்கும் வந்திருக்கிறது. நீ எங்கேயோ எழுதிய கட்டுரையைப் பார்த்து உனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். நீயும் பதில் போட்டிருக்கிறாய். இப்போது அவள் கேட்பது இதுதான். குழந்தைக்குக் காது குத்த வேண்டும். நம் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பங்காளி வழியில் நான்தான் அண்ணன், ஆகவே நான்தான் குழந்தைக்கு மாமன்.

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். ரமணாசிரமம் பக்கம் அவளுக்கு ஒரு ரூம் பார்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, காத்தானைப் பற்றி நீ எழுதி வைத்ததை அவளிடம் காட்டலாமென்று உன் பெட்டியைத் திறந்தேன். அங்கே பிடித்தது சனி.

கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் நீ குறிப்பு எழுதுவாய். பதிவேடு சொல்வது சிவப்பு மையில், ஜனங்கள் சொல்வது நீல மையில், உன் சந்தேகம் பென்சிலில். காத்தான் அட்டையில் சிவப்பில் ஒரே வரி: "காத்தான், வயது இருபது இருக்கலாம், தகப்பன் முனியன், ஊர் திருவண்ணாமலை." நீலத்தில் அப்பா சொன்ன கதை. மீதி அட்டை முழுக்கப் பென்சில்.

"பதிவேட்டில் திருவண்ணாமலைக்காரர்கள் என்று இத்தனை பேரா? அன்றைக்கு ஊர் அவ்வளவு பெரிதா? குமாஸ்தா ஊரைக் கேட்டிருப்பான். கிராமத்துப் பெயரைச் சொன்னால் இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று எல்லாரும் மலை இருக்கும் ஊரையே சொல்லியிருப்பார்கள். நம் காத்தானின் தகப்பனும் முனியன்தான், ஆனால் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு உண்டு. அப்படியானால் இது எந்தக் காத்தான்?"

நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அக்கா. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். "திருவண்ணாமலைங்க" என்றேன். கல்லேரிப்பட்டு என்று என் வாயில் வரவில்லை. உன் கடைசிச் சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது. நாளைக்கு எவளாவது ஒருத்தி உன்னைத் தேடி வந்தால் நம் கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேருவாள்?

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இருக்கலாம் என்று நீ விட்டதை, மடியைக் கொடுத்து நான் ஆமாம் என்று ஆக்கிவிடலாமா? அவள் போட்டோ எடுப்பாள், ஊருக்குப் போய் வம்சாவளியில் என் பெயரை எழுதி வைப்பாள். நூறு வருஷம் கழித்து உன்னைப்போல ஒருத்தி அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ள மாட்டாளா? உன் உழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டதாகாதா? என் வீட்டுக்காரி வசந்தாவிடம் கேட்டேன். "ஒரு கொழந்தைய மடியில வெச்சிக்க இவ்ளோ யோசனையா? உங்க அக்கா இருந்தா மொத ஆளா கெளம்பியிருப்பாங்க," என்றாள். நீ கிளம்பியிருப்பாயா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஏகாம்பரத்தைக் கூட்டிக்கொண்டு அவள் ரூமுக்குப் போனேன். கட்டிலில் குழந்தையின் பட்டுப்பாவாடையை மடித்து வைத்திருந்தாள். அட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"உங்க அக்கா பொய் சொன்னாங்களானு கேக்குறாங்க சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ பொய்யே சொல்ல மாட்டா. சந்தேகம்தான் பட்டிருக்கானு சொல்லு."

ஏகாம்பரம் அவளிடமிருந்து உன் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். "லெட்டர்லயும் உங்க ஊடா இருக்கலாம்னுதான் சார் போட்டிருக்கு. இவங்க ஆசையில அத தாண்டிப் படிச்சிட்டாங்க."

அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். ஏகாம்பரம் தயங்கித்தான் அதைச் சொன்னான்.

"சரி, உங்க ஊடு இல்லனா எந்த ஊடு? அந்த ஊட்டக் காட்டுங்க, அங்க போயிக் கேக்கறேன்ங்கறாங்க."

எந்த வீட்டைக் காட்டுவேன், அக்கா? சுற்றிலும் எத்தனை கிராமம், எத்தனை முனியன். நம் வீடுதான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இப்படி ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொண்டால் உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்வார்கள்? பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவீர்கள். எனக்கு எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளே, நான் எங்கே போவது?

"வெள்ளிக்கிழமை ரெடியா இருக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கல்லேரிப்பட்டில் நம் முனீஸ்வரன் கோயில். பங்காளிகள் நாலு வீட்டார் வந்திருந்தார்கள். ஆசாரி ஊசியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டது. அர்ச்சனைத் தட்டை எடுத்த பூசாரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"யாரு ஊட்டுக் கொழந்தப்பா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சாமி முன்னால் எதைச் சொல்வது? காத்தான் வீட்டுக் குழந்தை என்றால் அது எந்தக் காத்தான்? எங்கள் வீட்டுக் குழந்தை என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

"எங்க அக்கா கூட்டியாந்த கொழந்தைங்க," என்றேன்.

பூசாரி உன் பெயரைச் சொல்லிக் குழந்தைக்கு அர்ச்சனை செய்தார். ஊசி இறங்கியதும் குழந்தை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது கடித்ததால் இல்லை. நீ அங்கே இல்லாமல் போனாயே என்றுதான் வந்தது.

நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய், பஞ்சத்தில் காத்தான் என்று யாராவது போனானா என்று வீடு வீடாகக் கேட்கப்போகிறேன். வேறொரு வீடு கிடைத்தால் மரிக்கு எழுதி வரவழைத்து, நானே அந்த வாசலில் கொண்டுபோய் விடுவேன். ஆனால் குழந்தைக்கு மாமன் நான்தான். அதை அவர்கள் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் தம்பி,
கல்லேரிப்பட்டு முருகேசன்