பளிச்சொளி என்ற சொல்லும் தேன்சிட்டுப் படமும்

அனுப்புபவர்:
திருமதி கௌரி நாகேந்திரம்,
மூன்றாம் மாடி, கடலோர ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி,
சிறுவர் புகைப்படக் கண்காட்சி,
கடலோர வட்டார நூலகம், வெள்ளவத்தை.

விடயம்: அறிவித்தல் பலகையில் என் பேத்தியின் பெயரை அழித்து என் பெயரை எழுதக் கோருவது

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மூத்த பேரன் உமாசுதன் கனடாவில் பாலம் கட்டும் பொறியியலாளர். அடுத்த பேத்தி பேராதனையில் பல் வைத்தியம் படிக்கிறாள், கடைசி வருடம். கடைக்குட்டி உஷாந்திக்கு வயது பன்னிரண்டு; நீச்சலில் இரண்டு பதக்கம், பேச்சில் ஒரு கேடயம், தங்கள் கண்காட்சியில் முதலாம் பரிசு. இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான். பிழை தொடங்கினதும் அதில்தான்.

2. போன கிழமை அந்தப் பரிசை இரத்துச் செய்து, "விதி மீறியவர்: உஷாந்தி" என்று பலகையில் போட்டிருக்கிறீர்கள். பரிசை எடுத்தது சரி. பெயர் பிழை.

3. உஷாந்தி ஆங்கிலத்தில் படிப்பவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கத் திக்குவாள். தங்கள் விதித்தாளை நான்தான் அவளுக்கு வாசித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் ஒருவர் என்னிடம் வாசிக்கத் தந்தது அதுதான் முதல் தடவை. "கூடுகளின் அருகில் பளிச்சொளி தவிர்க்கவும்" என்று இருந்தது. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கண்டதில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். பளிச்சென்று அடிக்கிற வெயில் கூடாதாம் பிள்ளை, பொழுதுபடட்டும் என்று விளக்கம் சொன்னேன்.

4. எங்கள் பல்கனியில் உடுப்புக் காயவிடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருந்தது. பொழுதுபட்டபின் படம் இருட்டாக விழுந்ததால் பிள்ளை பிளாஷைப் போட்டாள். முதல் வெளிச்சத்துக்கே தாய்க்குருவி நடுங்கினது. "பாவம் அம்மம்மா, காணும், நிப்பாட்டுவம்" என்றாள். உமாசுதன் தன் வீட்டுக்கு வந்த ஹம்மிங்பேர்ட் குருவியின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு எல்லாரும் மெச்சின கிழமை அது. எங்கட குருவி என்ன குறைவா, இன்னும் அடி என்று சொன்னது நான். ஏழுமுறை அடித்தாள். தாங்கள் பரிசு தந்தது ஆறாவது. ஏழாவதில் குருவி பறந்து கண்ணாடியில் மோதி, தட்டுத்தடுமாறி எழும்பிப் போனது. மூன்று நாள் உடுப்புக்கூடக் காயவிடாமல் கம்பியைப் பார்த்திருந்தேன். வரவில்லை.

5. பிளாஷ் என்றே எழுதியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அடுத்த முறை அப்படி எழுதுங்கள். ஆனால் குருவி நடுங்கினதை நான் கண்ணால் கண்டேன். அதை விளங்க ஒரு சொல்லும் தேவையில்லை.

6. அம்மம்மா சொல்லித்தான் என்று உஷாந்தி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நூலகப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டாள். கமராவை அலுமாரியில் பூட்டித் திறப்பை என் கையில் தந்தாள்.

7. ஆகவே புதுப் படம் ஒன்று இணைத்துள்ளேன். நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு, பிளாஷ் இல்லாமல், நானே போனில் எடுத்தது. தாய்க்குருவி இல்லாத கூடு. கொஞ்சம் கோணல், ஓரத்தில் என் விரலும் விழுந்திருக்கிறது. பழைய படம் இருந்த இடத்தில் தயவுசெய்து இதைப் போட்டு, "விதி மீறியவர்: கௌரி நாகேந்திரம்" என்று கீழே எழுதிவிடுங்கள். உஷாந்தி திக்காமல் வாசிக்க ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

தவறுக்கு உரியவள்,
கௌரி நாகேந்திரம்

வெள்ளவத்தை
2025.03.18