கடைசி முறையில் வந்த செல்வம்

12-7-1969, சனி

கூடைப்பந்துப் போட்டிக்குக் கிளப்புக்காரர்கள் முறை வைத்து ஆள் எடுத்தார்கள். எங்கள் தெரு கிளப்புக்குக் கடைசி முறை. மிச்சமிருந்த செல்வம் வந்தான். என் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா, அதாவது நூல் ஓடம், போடுகிறவன்.

டீக்கடையில் ஒரே சண்டை. "அவன் கை வேகத்தப் பாருப்பா" என்றான் எங்கள் கிளப் மணி. "குள்ளன வெச்சிக்கினு என்னாத்த ஜெயிக்கிறது?" என்று நான்தான் அதிகம் கத்தினேன். திரும்பினால், செல்வம் டீ கிளாஸோடு நிற்கிறான்.

சாயங்காலம் வழக்கம்போல தறிக்கு வந்தான். "நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும். நான் ஆடப் போவல" என்றான். பாவி நான், சரியென்று தலையாட்டிவிட்டேன்.

அவன் கை வேகம் என்னைவிட யாருக்குத் தெரியும்? பத்து வருஷமாக நான் தள்ளும் நாடாவைத் தலை தூக்காமலே பிடிக்கிறான். அவன் பிராக்டிஸுக்குப் போனால் பக்கத்து இடம் காலி. என் பயமெல்லாம் அதுதான்.

நாளைக் காலையில் தறி வேண்டாம். அவன் வீட்டுக்குப் போகணும். கான்வாஸ் ஷூ என்ன சைஸ் என்று கேட்கணும்.