கூப்பிடாமல் ஓடியவர்கள்

மார்ச் 4

அன்புள்ள முயலுக்கு,

போனில் பேச உனக்குப் பிடிக்காது என்பதால் எழுதுகிறேன். ஓட்டல் அறையில் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மட்டையோடு நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ் அறைக்காரர் புகாரே செய்துவிட்டார்.

நேற்று ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். பந்தைத் தட்டினேன், எதிர்முனையில் கேப்டனைப் பார்த்தேன், ஓடினேன். நீயாக இருந்தால் அந்தப் பார்வையிலேயே பாதி தூரம் வந்திருப்பாய். அவர் திகைத்து நின்று, தாமதமாக ஓடி, ரன் அவுட் ஆனார். தோற்றோம். "வாயத் தெறந்து கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

நிருபர்களும் விடவில்லை. "என் பழைய ஜோடிக்குத் திக்குவாய். அதனால சின்ன வயசுலேருந்து கூப்பிடாமலே ஓடிப் பழகிட்டோம்" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நீ ஒன்றும் நினைக்கமாட்டாய், இல்லையா?

இந்தத் தொடரில் இன்னும் ஓர் ஆட்டம்தான். அதில் என்னை எடுக்காவிட்டால் இந்த நீலச் சட்டை அவ்வளவுதான். பதில் போடு.

உன்
ஒட்டகம்

மார்ச் 9

ஒட்டகத்துக்கு,

இந்த முறை 'அன்புள்ள' கிடையாது. எழுதும்போது எனக்குத் திக்காது. அதனால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்.

நான் வேலை பார்க்கும் டயர் கடைக் கிடங்கில் என்னை அளந்து பேசுகிறவன் என்றே நினைத்திருந்தார்கள். வராத சொல்லைத் தள்ளி, வருகிற சொல்லாகப் பொறுக்கிப் பேசி அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தேன். நீ டிவியில் ஒரே வரியில் போட்டு உடைத்தாய். உன் பழைய ஜோடி யாரென்று எல்லோருக்கும் தெரியும். நம் படத்தைக் கடைச் சுவரில் மாட்டிய மடையன் நான்தானே! இப்போது சரக்கு ஏற்றுகிறவர்கள் என்னைப் பார்த்தால் "ட... ட... டயர்" என்கிறார்கள். அடுத்த மாதம் என்னைக் கவுண்டரில் உட்காரவைப்பதாகச் சொன்ன முதலாளி, "வர்றவங்ககிட்ட பேசணுமேப்பா, பார்க்கலாம்" என்று இழுக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் ஆளாளுக்கு முடித்துவைப்பார்கள். நீ ஒருத்தன்தான் காத்து நிற்பாய். அதற்காகவே உன்னோடு ஆடினேன். இப்போது நீயும் எனக்காகப் பேசிவிட்டாய்.

முயல்

மார்ச் 13

முயலே,

உன் கடிதத்தைப் பயிற்சிக்குப் போகிற பேருந்தில் படித்தேன். அப்புறம் வலையில் ஒரு பந்துகூட மட்டையில் படவில்லை. என் தோலைக் காப்பாற்ற உன்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி ஆட்டத்தில் என்னை எடுத்திருக்கிறார்கள். "கடைசி வாய்ப்பு" என்று கேப்டன் தோளைத் தட்டினார், தட்டியது வலித்தது. எனக்கோ முதலாளியின் பேச்சுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நான் அவரிடம் பேசட்டுமா? நான் சொன்னால் தட்டமாட்டார். ஒரு போன்தான்.

ஒட்டகம்

மார்ச் 21

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

('அன்புள்ள' திரும்பி வந்துவிட்டது. ரொம்பவும் துள்ளாதே.)

முதலாளிக்குப் போன் செய்து தொலைக்காதே. அதுவும் எனக்காகப் பேசுவதுதான் என்று உன் மரமண்டைக்கு ஏறவில்லையா?

ஆட்டத்தைக் கடையில் எல்லோரோடும் பார்த்தேன். ஒவ்வொரு ரன்னுக்கும் தொண்டை கிழியக் கத்தினாய். நீ "நோ" என்று கத்தியதும் கேப்டன் சட்டென்று நின்றார், தப்பித்தார். நீ அரைசதம் போட்டதும் முதலில் விசில் அடித்தவன் நான். ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ கத்தக் கத்த எனக்கு அழுகை வந்தது. நம் ஓட்டத்தை இனி நீ ஓடமாட்டாய். ஓடவும் கூடாது.

மறுநாள் முதலாளியிடம் நானே போனேன். "எனக்குத் திக்கும். கொஞ்சம் பொறுத்தா யார்கிட்டயும் பேசிடுவேன். கவுண்டர் குடுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் டீ ஆறிவிட்டது. ஆனால் நடுவில் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை, முழுசாகக் கேட்டார். "திங்கட்கிழமை உட்காரு, பார்ப்போம்" என்றார்.

ஊருக்கு வந்ததும் வழக்கம்போல் என் கதவைத் தட்டாதே. கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அது தீர்ந்ததும் நானே போன் செய்து கூப்பிடுவேன். 'வா' என்று நான் சொல்ல எவ்வளவு நேரமானாலும் சரி, அதுவரை கிரீஸை விட்டு நகராதே.

உன்
முயல்